பட்டம் தரமாட்டோம் என்ற பல்கலைக்கழகங்களும் படியேறிய வழக்குகளும்

எங்கட ஆக்களுக்குப் பட்டம் என்றால் என்ன பெறுமதி என்று நான் சொல்லத் தேவையில்லை. கலியாணக் காட்டில் பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து இல்லாவிட்டால் அச்சகக்காரனே ஒருமாதிரிப் பார்ப்பான். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இரண்டு பேரும், சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும், யாழ்ப்பாணத்து ஆக்கள் என்று இன்றைக்கும் கதையோடு கதையாகச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். 1970களில் தரப்படுத்தல் வந்தபோது ஒரு தலைமுறையே கொதித்ததும் இந்தப் பெறுமதியால்தான்.

ஆனால் நாங்கள் பேசுவதெல்லாம் பல்கலைக்கழகத்துக்குள்ளே போவதைப் பற்றி. உள்ளே போய், வருசக்கணக்காய்ப் படித்து, சோதனையும் எழுதின பிறகு, "உனக்குப் பட்டம் தரமாட்டோம்" என்று பல்கலைக்கழகம் சொன்னால்? அதற்கு மேலே போய்க் கேட்க ஒரு இடம் இருக்கிறதா? கோடு கேட்குமா? கேட்டாலும் எதைக் கேட்கும், எதைக் கேட்காது? இந்தக் கேள்விகளுக்கு முந்நூறு வருசச் சரித்திரம் இருக்கிறது. அதில் எங்கட இலங்கை வழக்கு ஒன்றும் இருக்கிறது. எத்தனையோ நாடுகளில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். எங்களுக்குத்தான் தெரியாது.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நான் பட்டதாரி இல்லை. மூன்றாம் வருசத்தோடு நின்று நாட்டை விட்டு வந்தவன். எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் மறுக்கவில்லை, போர்தான் மறுத்தது. போருக்கு எதிராக எந்தக் கோட்டில் வழக்குப் போடுவது? இங்கே டென்மார்க்கில் றெஸ்ரோறன்ற் குசினியில் நிற்கிறேன். இரவு வேலை முடித்து வந்து வாசிப்பதுதான் இப்போது என்னுடைய கம்பஸ். ஆகவே அப்புக்காத்துமார் எழுதுகிற மாதிரி இது இருக்காது.

கதை 1717இல் கேம்பிரிட்ஜில் தொடங்குகிறது. றிச்சார்ட் பென்ற்லி என்று ஒருவர். கிரேக்கம், லத்தீன் இரண்டிலும் அந்தக் காலத்து ஐரோப்பாவிலேயே பெரிய தலை. றினிற்றிக் கல்லூரியின் தலைவர். அறிவு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிது வாயும் பிடிவாதமும். அந்த வருசம் அரசர் கேம்பிரிட்ஜுக்கு வந்ததையொட்டிக் கனபேருக்கு இறையியல் கலாநிதிப் பட்டம் கொடுத்தார்கள். பட்டம் வாங்க வந்தவர்களிடம் பென்ற்லி ஆளுக்கு நான்கு கினி மேலதிகமாகக் கேட்டார். கொன்யர்ஸ் மிடில்ரன் என்பவர் காசைக் கட்டிவிட்டு, பிறகு அதைத் திருப்பித் தரச்சொல்லித் துணைவேந்தருடைய கோட்டில் வழக்குப் போட்டார். அழைப்பாணையோடு ஆள் வந்தபோது பென்ற்லி அந்தக் கோட்டையே மதிக்காமல் பேசி அனுப்பினாராம். பல்கலைக்கழகத்துக்குக் கோபம் வந்தது. 1718இல் அவருடைய பட்டங்கள் எல்லாவற்றையும் பறித்துவிட்டார்கள். அவரைக் கூப்பிட்டு "உன்ர பக்கம் என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பென்ற்லி அரச நீதிமன்றத்துக்குப் போனார். 1723இல் தீர்ப்பு. ஒரு ஆளைக் கேட்காமல் அவருடைய பட்டத்தைப் பறிக்க முடியாது, திருப்பிக் கொடு என்றது கோடு. 1724இல் பட்டங்கள் திரும்பி வந்தன. அந்த வழக்கில் நீதிபதி போர்ரெஸ்க்யூ சொன்ன ஒரு நியாயம் இன்றைக்கும் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. ஆதாம் பழத்தைத் தின்றது கடவுளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அவனைக் கூப்பிட்டு, எங்கே நிற்கிறாய், நான் விலக்கின மரத்தில் தின்றாயா என்று கேட்ட பிறகுதானே தண்டனை கொடுத்தார் என்பதுதான் அந்த நியாயத்தின் சாரம். கடவுளே விசாரித்திருக்க, துணைவேந்தர் விசாரிக்காமல் விடலாமா?

பென்ற்லி நல்ல மனிசன் என்று நான் சொல்ல வரவில்லை. காசு விசயத்தில் அவரில் பிழை இருந்திருக்கலாம். ஆனால் சட்டம் பார்த்தது அதை இல்லை. பிழை விட்டவனுக்கும் தன் பக்கத்தைச் சொல்ல உரிமை இருக்கிறது. இதைத்தான் இயற்கை நீதி என்கிறார்கள்.

அடுத்தது எடின்பரோ. இந்தக் கதையை வாசிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கும் வரும்.

1869இல் சோபியா ஜெக்ஸ்-பிளேக் என்ற பெண் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கக் கேட்டார். ஒரு பெண்ணுக்காகத் தனி ஏற்பாடு செய்யமுடியாது என்றார்கள். சரி என்று அவர் வேறு பெண்களையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தார். ஐந்து பேராகத் தொடங்கி ஏழு பேரானார்கள். பல்கலைக்கழகம் விதி எழுதி, பதிவு செய்து, காசும் வாங்கிக்கொண்டது. ஆண்களுக்குக் கட்டணம் ஒன்று, இவர்களுக்கு அதைவிடக் கூட. வகுப்பும் தனி. 1870இல் இரசாயனவியல் சோதனையில் முதல்தரம் எழுதினவர்களில் முன்னுக்கு வந்தவர் எடித் பீச்சி. அந்த இடத்துக்கு உரிய புலமைப்பரிசிலை அவருக்குக் கொடுக்காமல் ஆண்களுக்குக் கொடுத்தார்கள். அதே வருசம் நவம்பர் 18ஆம் திகதி இந்தப் பெண்கள் உடற்கூற்றியல் சோதனை எழுதப்போன மண்டபத்துக்கு வெளியே ஒரு கூட்டம் கூடி, சேறு எறிந்து, படலையை அடித்துச் சாத்தியது. சோதனை நடந்துகொண்டிருக்க ஒரு செம்மறியாட்டையும் உள்ளே தள்ளிவிட்டார்கள்.

இவ்வளவையும் தாண்டிப் படித்துக்கொண்டு போக, கடைசியில் பல்கலைக்கழகம் கையை விரித்தது. படிப்பை முடிக்க வழி செய், பட்டத்தைத் தா என்று பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1872இல் முதல் நீதிபதி பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பல்கலைக்கழகம் மேல்முறையீடு செய்தது. 1873இல் ஸ்கொட்லாந்தின் உயர்ந்த கோட்டில் பன்னிரண்டு நீதிபதிகளில் ஏழு பேர் பல்கலைக்கழகத்துக்கும் ஐந்து பேர் பெண்களுக்கும். காரணம் என்ன தெரியுமா? பெண்களைச் சேர்ப்பதற்குப் பல்கலைக்கழகத்துக்கு ஆரம்பத்திலேயே அதிகாரம் இல்லையாம். ஆகவே சேர்த்தது செல்லாது, ஆகவே பட்டம் கொடுக்கவும் தேவையில்லை.

ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். விதி எழுதினது பல்கலைக்கழகம். காசு வாங்கினது பல்கலைக்கழகம். பிறகு "நாங்கள் எழுதின விதி பிழை, அதனால் நீ வெளியே போ" என்று சொல்லித் தப்பினதும் அதே பல்கலைக்கழகம். கடைக்காரன் காசை வாங்கி வைத்துக்கொண்டு, எனக்குக் கடை நடத்த லைசென்ஸ் இல்லை, அதனால் சாமான் தரமாட்டன் என்று சொன்னால் நாங்கள் விடுவோமா?

பெண்களும் விடவில்லை. 1876இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டத்தை மாற்றி, விரும்பினால் பெண்களுக்கும் மருத்துவத் தகுதி வழங்கலாம் என்று அந்தந்த நிறுவனங்களுக்கு வழி திறந்தது. சோபியா 1877இல் சுவிஸ் நாட்டில் பேர்ண் நகரில் பட்டம் வாங்கினார். எடித் பீச்சி பிறகு பம்பாய்க்குப் போய், பெண்களுக்கான காமா ஆஸ்பத்திரியில் வருசக்கணக்காய் வேலை செய்தார். எடின்பரோவில் மறுத்த பட்டத்தின் பலன் எங்கட பக்கத்துப் பெண்களுக்குப் போய்ச் சேர்ந்தது. எடின்பரோப் பல்கலைக்கழகம் 2019 யூலை 6ஆம் திகதி அந்த ஏழு பேருக்கும் பட்டம் வழங்கியது. அவர்கள் கண்மூடிக் கனகாலம். 150 வருசம் கழித்து ஒரு கடதாசி. அதுவும் வழங்காமல் விடுவதைவிட நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். கனபேர் அதை வெறும் சடங்கு என்பார்கள்.

இனி எங்கட வழக்கு.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உண்டானபோது அதன் முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். அரசியலமைப்புச் சட்டத்தில் உலகப் புகழ் பெற்ற மனிதர். 1952இல் விஞ்ஞானப் பட்டத்தின் இறுதிச் சோதனை நடந்தது. அதில் விலங்கியல் மாணவர்களுக்கு ஜேர்மன் மொழிப் பந்தி ஒன்றை மொழிபெயர்க்கும் பகுதியும் இருந்தது. பெர்னாண்டோ என்ற மாணவருக்கு அந்தப் பந்தி முன்கூட்டியே தெரிந்திருந்தது என்று ஒரு குற்றச்சாட்டு. சொன்னது கூடச் சோதனை எழுதின ஒரு மாணவி, தமிழ்ப் பெண். துணைவேந்தர் தானும் வேறு இரண்டு பேருமாக விசாரணை வைத்தார். சாட்சிகளைக் கேட்டார்கள். அந்த மாணவியையும் கேட்டார்கள். ஆனால் அவர் சாட்சி சொன்னபோது பெர்னாண்டோ அந்த அறையில் இல்லை. பெர்னாண்டோவையும் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கடைசியில் குற்றம் செய்தார் என்று முடிவு. பல்கலைக்கழகத்தின் எந்தச் சோதனையும் எழுதமுடியாதபடி காலவரையறை இல்லாமல் இடைநிறுத்தினார்கள். சோதனை எழுதாமல் பட்டம் எங்கே இருக்கிறது?

பெர்னாண்டோ வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இலங்கையின் உயர்ந்த நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தக் காலத்தில் அதற்கு மேலே லண்டனில் பிரிவிக் கவுன்சில் இருந்தது. 1971 வரைக்கும் எங்கட நாட்டு வழக்குகள் அங்கே போகும். பல்கலைக்கழகம் அங்கே போனது. 1960 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது. வென்றது பல்கலைக்கழகம்.

தீர்ப்பில் இரண்டு பகுதி இருக்கிறது. முதல் பகுதி மாணவர்களுக்கு நல்லது. துணைவேந்தர் இப்படி விசாரிக்கும்போது ஒரு நீதிபதியைப் போலத்தான் நடக்கவேண்டும், இயற்கை நீதி அவரையும் கட்டும் என்று பிரிவிக் கவுன்சில் ஏற்றுக்கொண்டது. இரண்டாவது பகுதியில்தான் வில்லங்கம். தன்னைக் குற்றம் சாட்டின முக்கிய சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய பெர்னாண்டோவுக்குச் சந்தர்ப்பம் கொடுக்கவில்லையே என்ற கேள்விக்கு பிரிவிக் கவுன்சில் சொன்ன மறுமொழியின் சாரம் இதுதான்: அவர் கேட்டாரா? கேட்டு, மாட்டோம் என்று மறுத்திருந்தால் அது பலமான குறையாக இருந்திருக்கும். அவர் கேட்கவே இல்லை. கேளாமல் அதைக் கொடுக்கவேண்டும் என்ற கடமை துணைவேந்தருக்கு இல்லை.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று எங்கட அம்மாமார் சொல்வார்கள். பிரிவிக் கவுன்சிலின் பெரிய பிரபுமாரும் சுற்றி வளைத்து அதைத்தான் சொன்னார்கள்.

எனக்கு இந்தத் தீர்ப்பு நீதியாகத் தெரியவில்லை. இருபது வயதுப் பொடியன் ஒருவன், முன்னுக்கு இருப்பது சேர் பட்டம் வாங்கின வெள்ளைக்காரத் துணைவேந்தர், அதிலும் சட்டத்திலே உலகப் பெரிய தலை. கூட வர ஒரு பிரக்கிராசியும் இல்லை. அந்த இடத்தில் "ஐயா, அந்தச் சாட்சியை நான் கேள்வி கேட்கவேணும்" என்று வாய் திறக்க யாருக்குத் துணிவு வரும்? அப்படி ஒரு உரிமை இருக்கிறது என்றே அவனுக்குத் தெரிந்திருக்குமா? உரிமை இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் இருந்தவர் துணைவேந்தர். அவர்தான் சொல்லியிருக்கவேண்டும். பெர்னாண்டோ குற்றம் செய்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, அது என் கேள்வியும் இல்லை. பென்ற்லிக்குக் கிடைத்த அளவு நீதி இவருக்குக் கிடைத்ததா என்பதுதான் கேள்வி.

பென்ற்லி தலைவர், பெர்னாண்டோ மாணவன். இதையும் மறக்கவேண்டாம்.

இந்தியாவிலும் கோடுகள் இதே பாதையில்தான் தட்டித்தடவிப் போயின. 1962இல் உச்ச நீதிமன்றம், உத்தரப் பிரதேசப் பரீட்சைச் சபை மூன்று மாணவர்களுடைய பெறுபேற்றை அவர்களைக் கேட்காமல் ரத்துச் செய்தது பிழை என்றது. 1970இல் பீகார் வழக்கில், ஒரு நிலையத்தில் எழுதின ஆக்கள் மொத்தமாய்ப் பார்த்தெழுதின இடத்தில் ஒவ்வொருவராய்க் கூப்பிட்டுக் கேட்கத் தேவையில்லை என்றது. 2011இல் இன்னொரு பெரிய கதவு திறந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழே, மாணவர் தான் எழுதின விடைத்தாளைத் தானே பார்க்கலாம் என்று தீர்ப்பு வந்தது. சின்ன விசயம் மாதிரித் தெரியும். ஆனால் விடைத்தாளைக் காணாமல் யார் புள்ளியைப் பற்றி வழக்காட முடியும்?

இவ்வளவு வழக்கிலும் ஒரு கோடு மட்டும் அழியாமல் இருக்கிறது. பல்கலைக்கழகம் எப்படி முடிவெடுத்தது என்று நீதிமன்றம் கேட்கும். அந்த விடைக்கு 40 புள்ளியா 60 புள்ளியா என்று கேட்காது. 1966இல் லண்டன் பல்கலைக்கழகம் தன் சட்டச் சோதனைத் தாள்களைப் பிழையாகத் திருத்தியது என்று ஒருவர் வழக்குப் போட்டபோது, அது எங்கட வேலை இல்லை என்று கோடு திருப்பி அனுப்பியது. இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விசிற்றர் என்று ஒரு பெரியவர் இருப்பார், அரசரோ பிஷப்போ. உள்வீட்டுச் சண்டை எல்லாம் அவரிடம்தான் போகவேண்டும். 2000ஆம் ஆண்டு லிங்கன்ஷயர்–ஹம்பர்சைட் பல்கலைக்கழகத்துக்கு எதிரான வழக்கில், அப்படி விசிற்றர் இல்லாத பல்கலைக்கழகத்தின் மேலே மாணவர் ஒப்பந்தத்தை மீறியதாக வழக்குப் போடலாம், ஆனால் புள்ளியைப் பற்றிப் போடமுடியாது என்று கோடு பிரித்துச் சொன்னது. 2004இல் புதுச் சட்டம் வந்து மாணவர் முறைப்பாடுகளை விசிற்றரிடமிருந்து எடுத்து, தனியான சுயாதீன அலுவலகத்திடம் கொடுத்தது.

குசினிக் கணக்கில் சொன்னால் விளங்கும். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் குளிர்ப்பெட்டியின் வெப்பநிலை பார்ப்பார், இறைச்சி வெட்டுற பலகையும் மரக்கறிப் பலகையும் வேறாய் இருக்கா என்று பார்ப்பார். கறிக்கு உப்புக் காணுமா என்று ருசி பார்க்கமாட்டார். கோடும் அப்படித்தான்.

இப்போது நான் இருக்கிற நாட்டுக்கு வருகிறேன்.

கொப்பன்கேகன் பல்கலைக்கழகம் 1479இல் தொடங்கியது. கிட்டத்தட்ட நானூறு வருசம் அதன் வாசலில் பெண் காலடி வைக்கவில்லை. 1874இல் நீல்சின நீல்சன் என்ற பெண் மருத்துவம் படிக்க விண்ணப்பித்தார். 1875இல் அரச ஆணை வந்தது, பெண்களும் படிக்கலாம், பட்டமும் வாங்கலாம் என்று. 1877இல் நீல்சினவும் யொகன்ன கிளீறுப் என்பவரும் முதல் மாணவிகளாகச் சேர்ந்தார்கள். 1885இல் நீல்சின டாக்டராக வெளியே வந்தார். எடின்பரோ மாதிரி அடிபிடி இல்லாமல் முடிந்தது போலத் தெரியும்.

ஆனால் டெனிஸ்காரர் வேறு இடத்தில் கதவைப் பூட்டினார்கள். நன்ன பேர்க் என்ற பெண் 1887இல் சட்டப் பட்டம் எடுத்தார், டென்மார்க்கின் முதல் பெண் சட்டப் பட்டதாரி. ஒரு வழக்கறிஞருக்காகக் கோட்டில் தோன்றப் போனார். பெண் என்றபடியால் முடியாது என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1888இல் அவர் தோற்றார். பட்டம் கையில், வேலை இல்லை. 1906இல் சட்டம் மாறி, 1909இல்தான் கென்னி மக்னுசென் முதல் பெண் வழக்கறிஞரானார். எங்களில் எத்தனை பேர் ஊரில் வாங்கின பட்டத்தைச் சூட்கேசில் வைத்துக்கொண்டு கோப்பை கழுவினார்கள்! பட்டம் தராமல் விடுவதும் தந்த பட்டத்தை மதிக்காமல் விடுவதும் அண்ணன் தம்பிதான்.

இன்றைக்கு டென்மார்க்கில் பல்கலைக்கழகம் என்பது அரச நிர்வாகத்தில் ஒரு பகுதி மாதிரி. 1987இல் நடைமுறைக்கு வந்த நிர்வாகச் சட்டம் அதையும் கட்டும். உங்களுக்கு எதிராக ஒரு முடிவெடுக்க முதல், உங்களுக்குத் தெரியாத தகவல் ஏதும் இருந்தால் காட்டி அபிப்பிராயம் கேட்கவேண்டும். முடிவுக்குக் காரணம் எழுதவேண்டும். கவனியுங்கள்... பிரிவிக் கவுன்சில் கேட்டால்தான் என்றது. இங்கே கேட்காவிட்டாலும் காட்டவேண்டியது அவர்கள் கடமை. கனக்கச் சோதனைகளில் வெளியாலிருந்து ஒரு சென்சோரும் வந்து கூட இருந்து புள்ளி போடுவார். புள்ளியில் திருப்தி இல்லையென்றால் இரண்டு கிழமைக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். புதிய ஆக்கள் திரும்பத் திருத்துவார்கள். புள்ளி கூடவும் செய்யும், குறையவும் செய்யும், அதை யோசித்துத்தான் போடவேண்டும். அதற்கு மேலே மேன்முறையீட்டுச் சபை. அதில் சென்சோர்மார் இரண்டு பேர், ஒரு ஆசிரியர், ஒரு மாணவர். மாணவர் ஒருவருக்கும் அங்கே கதிரை இருப்பதைப் பார்த்து நான் ஆச்சரியப்பட்டேன்.

ஆனால் சட்டம் இருப்பது வேறு, எங்கட ஆக்கள் அதைப் பாவிப்பது வேறு.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மகள் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. ஒரு பாடத்தில் மூன்றாம் தரமும் சறுக்கிவிட்டது. இங்கே ஒரு சோதனைக்கு மூன்று தரம்தான் சந்தர்ப்பம். அதோடு முழுப் படிப்பும் போச்சு. வாய்மொழிச் சோதனை ஒழுங்காக நடக்கவில்லை, தந்த நேரத்துக்கு முன்னமே முடித்துவிட்டார்கள் என்று பிள்ளை சொல்லியிருக்கிறாள். முறைப்பாடு எழுதப்போறன் என்றும் சொல்லியிருக்கிறாள். தகப்பன் சொன்ன மறுமொழி: "அவங்களோட கொழுவாதை பிள்ளை, பிறகு ஒரு இடமும் படிக்க விடமாட்டாங்கள்." தாயும் அதையே சொன்னா. இரண்டு கிழமை போய்விட்டது. கதவு பூட்டினாப்போல்தான் எனக்குச் செய்தி வந்தது.

தகப்பனை நான் குறை சொல்லமாட்டேன். அந்த மனிசன் ஊரில் ஆமியிடம் அடையாள அட்டையை நீட்டி வளர்ந்தவர். அதிகாரத்திடம் காரணம் கேட்டவனுக்கு என்ன நடந்தது என்று கண்ணால் கண்டவர். வாயை மூடிக்கொண்டிருந்தபடியால்தான் உயிரோடு வந்தவர். அந்தப் பாடத்தை மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பாடம் சரி, நாடு மாறிவிட்டது. இப்போது அவளுக்கு மிஞ்சி இருப்பது ஒரு வழிதான். விசேட காரணம் காட்டி நாலாம் தரம் எழுத அனுமதி கேட்பது. அந்தக் காலத்தில் தாய்க்கு ஒப்பரேசன் நடந்தது, ஆஸ்பத்திரிக் கடிதம் இருக்கிறது. அவளே நல்ல டெனிசில் எழுதி அனுப்பியிருக்கிறாள். மறுமொழிக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அகதிக்கு ஏன் கேள்வி?" என்று நினைக்கிற ஆக்களுக்கு இந்த நாட்டிலேயே நடந்த ஒரு கதையை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். 1987இல் நீதி அமைச்சராயிருந்த எரிக் நின்-கன்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் சொன்னார். இல்லை என்று எழுதவில்லை. ஓம் என்றும் எழுதவில்லை. சும்மா வைத்திருந்தார்கள். மனிசி பிள்ளைகள் ஊரில் குண்டுக்குள்ளே, இங்கே கோப்பு அலுமாரிக்குள்ளே. ஆனால் கேட்டார்கள். முறைப்பாடுகள் ஒம்புட்ஸ்மனிடம் போயின. 1989இல் அவர் அது பிழை என்று அறிக்கை எழுதினார். பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதி கோர்ன்ஸ்லெற் விசாரித்து ஆறாயிரம் பக்கத்தில் அறிக்கை. அது வெளிவந்த 1993 யனவரியில் பிரதமர் பவுல் ஸ்லூற்றர் பதவி விலகினார். 1995இல் அமைச்சருக்கு நாலு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. 1910க்குப் பிறகு அப்படி ஒரு அரச குற்ற விசாரணை டென்மார்க்கில் நடந்தது அதுதான் முதல் தடவை. எங்கட ஆக்களின் கடதாசிக்கு மறுமொழி போடாமல் விட்டதற்காக ஒரு அரசாங்கமே விழுந்தது. பல்கலைக்கழகத்தில் ஒரு புள்ளிக்கு எழுதப் பயப்படுகிறோம்.

வழக்குப் போட்டால் எல்லாம் வெல்லலாம் என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்னதில் பென்ற்லி மட்டும்தான் உயிரோடு இருக்கத் தன் பட்டத்தைத் திரும்ப வாங்கினார். அவரும் பெரிய மனிசர், காசு உள்ளவர். சில வேளை ஆயுசு கெட்டியாக இருந்தாலும் நீதி வரும். இங்கபோர்க் றப்போப்போற் என்ற ஜேர்மன் வைத்தியர் 1938இல் தொண்டைக்கரப்பன் நோயைப் பற்றி ஆய்வு எழுதி முடித்தார். தாய் யூதப் பெண் என்றபடியால் ஹம்பூர்க்கில் நாசிகள் அவரை வாய்மொழிச் சோதனைக்கு விடவில்லை. 2015இல், 102 வயதில், பேராசிரியர்மார் அவர் வீட்டுக்கே வந்து சோதனை வைத்தார்கள். சித்தியடைந்து கலாநிதிப் பட்டம் வாங்கினார். இரண்டு வருசத்துக்குப் பிறகு காலமானார். அவருக்காக எந்தக் கோடும் தீர்ப்பு எழுதவில்லை. அந்த நாளில் நடந்ததைப் பிழை என்று ஒத்துக்கொள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு மனம் வந்தது, அவ்வளவுதான். மற்ற எல்லாருக்கும் 102 வயது வரைக்கும் காத்திருக்கச் சொல்ல முடியுமா?

பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிற வீட்டுக்காரருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சோதனையில் ஏதும் பிழை நடந்தால் அன்றைக்கே திகதி, நேரம், யார் என்ன சொன்னது என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். முடிவுக்குக் காரணத்தை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். உங்களுக்கு எதிராக யாரும் ஏதும் சொல்லியிருந்தால் அதைக் காட்டச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். பெர்னாண்டோ தோற்றது அந்த ஒரு கேள்வியில். இரண்டு கிழமை என்பது பதினாலு நாள், பதினைந்தாம் நாள் யாரும் கதவு திறக்கமாட்டார்கள். மாணவர் சங்கத்தில் இலவசமாய் உதவி செய்கிற ஆக்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போகச் சொல்லுங்கள்.

நாங்கள் பயந்தது போதும். அந்தப் பயத்தைச் சீதனமாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம்.